இடித்தது நாங்கள் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

கீழ்வீட்டு அம்மா இன்றும் படியேறி வந்தார். "உங்க வீட்டுக்காரர் நடக்கறது என் தலை மேல நடக்கற மாதிரி இருக்கு. டம்மு டம்முன்னு இடிக்குது. அவரைக் கொஞ்சம் உட்கார வைக்கக் கூடாதா?"

உட்கார வைக்கவா? பக்கவாதம் வந்து படுத்த மனுஷனை எழுப்பி நிற்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போதுதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வருகிறார்.

"முடியாதுங்க" என்றேன். இன்னும் நிறைய வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வாக்கர் கால்களுக்குப் புது ரப்பர் மாட்டினேன். தரைக்கு விரிப்பு மட்டும் போட மாட்டேன். தடுக்கி விழுந்தால் அந்த அம்மாவா வந்து தூக்குவார்?

மார்ச் 9, ஞாயிறு

வீட்டு ஓனர் போனில் கூப்பிட்டார். "ஒரு மாசம் பாப்பேன். சத்தம் நிக்கலைன்னா வேற வீடு பாத்துக்குங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மடச்சி. என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்துவிட்டது. சாயங்காலம் நடக்கவில்லை. கால் வலிக்கிறதாம். பொய். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. பிசியோதெரபி பெண் கெஞ்சிப் பார்த்தாள். "இப்ப விட்டுட்டா கால் எல்லாத்தையும் மறந்துடும் சார்." அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனபின் மெதுவாகச் சொன்னார்: "நம்மளால எதுக்கு மத்தவங்களுக்குத் தொந்தரவு?"

தொந்தரவா! மனுஷன் நடக்காம பறக்கவா முடியும்? அழுகை வந்தது. அழவில்லை. பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தேன்.

மார்ச் 12, புதன்

அவர் படுத்திருக்கிறார். நான் அடுப்படியில் நிற்கிறேன். டம்!

சுவருக்குள்ளிருந்து. அலமாரியில் டம்ளர்களெல்லாம் குலுங்கின. உடனே கீழேயிருந்து கட்டையால் கூரையைத் தட்டும் சத்தம். எங்களுக்கு எச்சரிக்கையாம்! யாருமே நடக்காத வீட்டில் நடந்தது யார்?

இத்தனை நாள் நானும்தானே அது வாக்கர் சத்தம் என்று நம்பினேன்.

மார்ச் 15, சனி

சுவரில் காதை வைத்து நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். முதலில் தண்ணீர் ஓடும் இரைச்சல். அது சட்டென்று நிற்கிறது. நின்றதும் டம். எங்கள் குழாய்களையெல்லாம் இறுக மூடிவிட்டுக் கேட்டேன். அப்போதும் டம்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். "வேகமா ஓடற தண்ணியைப் பட்டுன்னு அடைச்சா, அந்த வேகம் எங்கக்கா போகும்? குழாயைப் போட்டு உதைக்கும். பிடிச்சு வெச்சிருக்கிற கிளாம்ப் கழண்டிருந்தா குழாய் சுவத்துல போய் மோதும்" என்றார். அப்படிப் பட்டென்று அடைப்பது எது என்று கேட்டேன். "பெரும்பாலும் வாஷிங் மெஷின்தான்."

எங்களிடம் வாஷிங் மெஷின் கிடையாது. கீழே இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலேயே ஓனருக்குப் போன் போட்டேன். "உங்க காதால ஒரு தடவை கேளுங்க சார். அப்புறம் எங்களைப் போகச் சொல்லுங்க."

வந்தார். என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக மேஜைக்குக் கூட்டி வந்தேன். ஓனரை அவருக்கு எதிரே உட்கார வைத்து டீ கொடுத்தேன். கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. டம்! ஓனர் குனிந்து மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரர் கால்களைப் பார்த்தார். இரண்டும் அசையாமல் இருந்தன.

பிறகு கீழே அழைத்துப் போனேன். "புது மெஷினுங்க, இதுல எப்படிச் சத்தம் வரும்?" என்றார் அந்த அம்மா. பிளம்பர் சொல்லியிருந்தபடி, மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாயைப் பாதி மூடச் சொன்னேன். மூடினார். அடுத்த முறை தண்ணீர் நின்றபோது 'தட்' என்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓனர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மா.

"எனக்கும்தான் தெரியாது. ஆனா உங்களை உட்காரச் சொல்லி நான் வரலையே."

மார்ச் 18, செவ்வாய்

பிளம்பர் சுவருக்குப் பின்னால் குழாய் இறங்கும் இடுக்கில் புகுந்து, ரப்பர் வைத்துப் புது கிளாம்ப் அடித்துவிட்டுப் போனார். அந்தத் 'தட்'டும் போய்விட்டது.

"எழுந்திருங்க" என்றேன்.

"நாளைக்கு…"

"இன்னைக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். இப்போது வீட்டில் கேட்பது வாக்கர் சத்தம் மட்டும்தான். கேட்கட்டும். நன்றாகவே கேட்கட்டும்!

ஏப்ரல் 10, வியாழன்

வாக்கர் மூலைக்குப் போய்விட்டது. இனி கைத்தடி.

மே 2, வெள்ளி

இந்த வாரம்தான் மறுபடி வேலைக்குப் போகிறேன். திரும்பி வந்தால் கதவு பூட்டியிருந்தது; சாவி அவரிடம். தட்டினேன், கத்தினேன். பதில் இல்லை. கீழ்வீட்டு அம்மா வெளியே வந்து, "அவர் இறங்கிப் போனாரே! கூட வரட்டான்னு கேட்டேன், வேணாம்னுட்டார்" என்றார்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னென்னவோ நினைத்தேன். கடைசியில் வந்தார், கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக. தலை பளிச்சென்று இருந்தது. தெருமுனைக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"யாரைக் கேட்டுப் போனீங்க?"

"உன்னைக் கேட்டா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்தான்.

பின்பக்கம் கோணலாக வெட்டியிருந்தது. நான் சொல்லவில்லை.