எனக்கும் ஓர் எறும்பு

பதினெட்டு வருடமாக என்னோடு ஒரே வார்டில் டியூட்டி பார்ப்பவளுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். காலையில் எனக்கு டிரிப்ஸ் ஏற்ற வந்தாய். நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினாய். வலிக்கிறது என்றதற்கு, "உனக்குத் தெரியாததாடி?" என்றாய்.

உடனே பக்கத்துக் கட்டில் அக்காவிடம் போய், "கண்ணை மூடிக்கோங்கக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், நான் இருக்கேன்ல" என்று கையைத் தடவிக்கொடுத்தாய். நர்ஸ் படுத்தால் மரக்கட்டையா? எனக்கு எறும்பு கிடையாதா?

டாக்டரும் அப்படித்தான். "சிஸ்டருக்கு நான் விளக்கணுமா?" என்று ரிப்போர்ட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். படித்தேன். எல்லாம் புரிந்ததுதான் கொடுமை.

போன வருடம் நம் வார்டு ஆயாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, "நீங்க பார்க்காததா?" என்று நானும் சொன்னேன். அந்தம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூக்கம் என்று நினைத்தேன்.

நாளை காலை எட்டு மணிக்கு என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகப்போவது நீதான். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள். மயக்கம் எப்படி வரும், விழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல். பொய்தான் என்றாலும் அந்த எறும்பையும் சொல்லடி.

உன்னுடைய
ஏழாம் கட்டில்காரி