பேருக்குத் துணைப் பொறுப்பாளர்

நாரணாபுரம்,
14.9.2008

அன்புள்ள புகழேந்தி அண்ணனுக்கு,

பாண்டிச்செல்வி எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். சிங்கப்பூரில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. மார்ச்சிலிருந்து பதினொரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால்தான் தபால்.

சிவகாசியில் அதே அச்சகத்தில்தான் இன்னும் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, லேபிள் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் நம் ‘வரிமாற்றி’யைப் பார்க்கிறேன். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்ற வழியில்லாமல் நாம் அலைந்த காலத்தில், விருதுநகர் கல்லூரியில் உட்கார்ந்து நீங்கள் எழுதிய மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தீர்கள். இன்று நாற்பது பேர் அதில் உழைக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், முகப்புப் பக்கத்தில் என் பெயரையும் போன் நம்பரையும் போட்டுத் ‘துணைப் பொறுப்பாளர்’ என்று எழுதினீர்கள். அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் திருத்தங்களைச் சேர்க்கும் உரிமையும் தளத்தின் கடவுச்சொல்லும் உங்களிடமே தங்கிவிட்டன. நானும் கேட்கவில்லை, நீங்களும் நினைக்கவில்லை.

பழைய எழுத்துருவில் ½ என்று இருந்தால் வரிமாற்றி அதை 2 என்று மாற்றிவிடுகிறது. திருச்சியிலிருந்து எழில் மார்ச்சிலேயே இதைக் கண்டுபிடித்துத் திருத்தமும் அனுப்பினாள். நான் சோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. சேர்க்கத்தான் முடியவில்லை. முகப்பில் ஒரு வரி எச்சரிக்கை போடக்கூட என்னால் முடியாது. பதவியைப் பிடித்துக்கொண்டு வேலையை முடக்குகிறேன் என்று எழில் நம் மின்னஞ்சல் குழுவில் எழுதினாள். அவள் மேல் தப்பில்லை. உங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நாலு தடவை பொய் சொன்னவள் நான்தான்.

ஜூலையில் திருநெல்வேலி சீனிவாசகம் சார் ஒரு யோசனை சொன்னார். நிரலை அப்படியே எடுத்து வேறு பெயரில் நடத்த உரிமத்தில் இடம் இருக்கிறது, சேர்க்கும் உரிமை ஒருவரிடம் வேண்டாம், மூன்று பேரிடம் இருக்கட்டும், வருஷத்துக்கு ஒருமுறை வாக்குப் போட்டு ஆளை மாற்றிக்கொள்வோம் என்றார். இருபத்தேழு பேர் சரி என்றார்கள். மூவரில் முதலாவதாக என் பெயரைச் சொன்னார்கள். நான் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஏற்றுக்கொண்டால் நீங்கள் பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது. விலகலாம் என்றால், தினமும் போனில் கேட்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

போன புதன்கிழமை, அப்பா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் புது அறிவிப்பு அட்டை வந்தது. ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்கக் கூடாது என்பது அங்கே விதி. அட்டையில் 2 கிலோ என்று இருந்தது. வெம்பக்கோட்டையிலிருந்து அன்றுதான் வேலையில் சேர்ந்த அய்யாதுரை, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், அதைப் படித்துவிட்டு இரண்டு கிலோவை நிறுத்து எடுத்துவிட்டார். கலக்கக் குனிந்தபோது அப்பா பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த அப்பா சோற்றைத் தொடவில்லை.

அட்டை அடித்த சாத்தூர் அச்சகத்தில் விசாரித்தேன். போன வாரம் நம் தளத்திலிருந்துதான் வரிமாற்றியை இறக்கி, பழைய அட்டையின் வரிகளை மாற்றினார்களாம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அங்கன உம் பேரு இருக்கா, தாயி?” என்று கேட்டார். இருக்கிறது, மாற்றுகிற அதிகாரம்தான் இல்லை என்றேன்.

“அதிகாரம் இல்லாதவளுக்கு அங்கன பேரு எதுக்கு?” என்றார்.

மறுநாளே குழுவுக்குச் சம்மதம் எழுதினேன். பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். ‘எழுத்துப்பாலம்’ என்று புதுப் பெயர் வைத்திருக்கிறோம். முதலில் சேர்த்தது எழிலின் திருத்தத்தைத்தான். என்னை மன்னியுங்கள் அண்ணா.

ஆனாலும் அந்தச் சிக்கலிலிருந்து நான் வெளியே வந்தபாடில்லை. புதுப் பெயர் யாருக்குத் தெரியும்? தேடுகிறவர்களுக்கு இன்னும் பழைய பக்கம்தான் முதலில் வருகிறது. பிழையோடு, என் பெயரோடு. அதை மூட உங்களால் மட்டும்தான் முடியும். போன் அடித்தாலே, இது எந்த அச்சகமோ, எந்த அறையில் மாட்டிய அட்டையோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுக்கிறேன்.

உங்கள் வீட்டுக்குப் போய் இந்த முகவரியை உங்கள் அம்மாவிடம் வாங்கினேன். உங்கள் போன் வந்து மூன்று மாதம் ஆகிறதாம். நான் கிளம்பும்போது, “எம் மேல கோவமான்னு மட்டும் கேளு” என்றார்கள். கோபமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் பதில் போடாமல் விட்ட கடிதத்துக்கு இரண்டாம் மாதம் பதில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று, குழுவுக்குப் பதில் எழுதாமல் இருந்த இந்த இரண்டு மாதத்தில் நானும் கண்டுகொண்டேன்.

பழைய பக்கத்தை மூடிவிடுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் அதையாவது சொல்லுங்கள், வேறு வழி தேடுவோம். அதற்கும் முடியாத நிலையில் இருந்தால், வெறும் தாளை மடித்து உறையில் போட்டு அனுப்புங்கள். மேலே உங்கள் கையெழுத்தில் எங்கள் முகவரி இருந்தால் போதும். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்.

எங்கே இருந்தாலும் நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
பாண்டிச்செல்வி