பத்தொன்பது கேட்ட புயல்

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டேன். இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும், தோற்றது நீயல்லவா.

மண்டபம் ஊரில் நம் வீட்டில் ஞாயிறுதோறும் ஆடிய கதை விளையாட்டு, நீ போன பிறகு எட்டு மாதம் நின்றே போனது. பக்கத்து வீட்டு சாகுல் கதை சொல்ல, ஆளுக்கொரு வேடம் எடுத்து, ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோமே, அதுதான். நீ வேடம் எடுத்த கப்பல் தலைவன் பாறைக்கு முன்னால் புயலில் மாட்டியபடியே கிடந்தான். உருட்டித் தவறினால் அவன் சாக வேண்டும். உன்னை இன்னொரு முறை பறிகொடுக்க மதினிக்கு ஏது தெம்பு? அதனால் பகடைப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

போன வாரம் மதினியே அதை எடுத்து வந்தார்.

தப்பிக்கக் குறைந்தது பத்தொன்பது வந்தாக வேண்டும் என்றான் சாகுல். ஒரு பகடையை உருட்டி, விழுந்ததோடு மூன்றைக் கூட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். நீ எப்போதும் இரண்டைத்தான் கேட்பாய். ஒரு தூண்டிலுக்கு இரண்டு தூண்டில் மேல் என்பது உன் வாதம். "அவுக பிரியப்பட்ட மாதிரியே உருட்டுவோம்" என்றார் மதினி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாசத்துக்காக உன்னை மூழ்கடிப்பதா? தையலுக்கு வைத்திருந்த கட்டம் போட்ட தாளில் இருபதுக்கு இருபது, நானூறு கட்டம் பிரித்துக் காட்டினேன். இரண்டு பகடை உருட்டினால் எழுபத்தாறு கட்டத்தில்தான் நீ பிழைப்பாய். மூன்றைக் கூட்டினால் பதினாறு விழுந்தாலே போதும்; அது நூறு கட்டம். பதினொன்று கேட்டிருந்தால் உன் வழிதான் மேல், ஒத்துக்கொள்கிறேன். பத்தொன்பது கேட்கும்போது கூட்டல்தான் கைகொடுக்கும். நீ இருந்தபோது சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா?

மதினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நூறையே எடுத்துக்கிருவோம்" என்று உருட்டினார்.

பதினாறு. அண்ணே, சரியாகப் பதினாறு! சாகுல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். நூறு கட்டம் போக முந்நூறு கட்டம் நமக்கு எதிராகத்தான் இருந்தது, தெரியும், ஆனாலும் வந்தது. மதினி அழுதுகொண்டே சிரித்தார். சும்மா இன்னொன்றையும் உருட்டிப் பார்த்தார், ஏழு. உன் பேச்சைக் கேட்டிருந்தால் கப்பலோடு போயிருப்பாய்.

இனி உன் தலைவனுக்கு யார் உருட்டுவது என்று சாகுல் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவன் முடிக்குமுன்பே, "நாந்தேன்" என்றார் மதினி. எட்டு மாதமாக அவரிடம் அந்த உறுதியான குரலை நான் கேட்கவில்லை.

ஞாயிறு தவறாமல் பக்கத்தில் உட்காருவேன். கட்டம் போட்டுக் காட்டுவது மட்டும்தான் என் வேலை. எப்படி உருட்டுவது என்பதை இனி மதினிதான் முடிவு செய்வார். உன் பெயரைச் சொல்லி யாரும் அதை மாற்ற விடமாட்டேன். இது சத்தியம்.

கடைசியில் உன்னைக் கரையேற்றிய
உன் தங்கச்சி