அடைத்த படிக்கட்டு

என் வீட்டுக்காரிக்கு,

மழைக்கு முன் மொட்டைமாடியைக் கூட்டச் சொல்லியிருந்தாய், நேற்றுத்தான் கூட்டினேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

உண்மையில் சொல்ல வேண்டியது அந்தக் கட்டடத்தைப் பற்றி. கீழே கடைகள், மேலே வீடுகள் என்று கம்பெனிக்காக நான் எழுப்பிய ஏழாவது கட்டடம் அது. துணிக்கடைக்காரர் சரக்கு வைக்க இடம் கேட்டார். பின்பக்கப் படிக்கட்டைச் சுவர் வைத்து அடைக்கச் சொன்னேன். உன் தம்பிதான் அங்கே இன்ஜினியர்.

"மாமா, தீப்பிடிச்சா மேல இருக்கிறவங்க எப்படி இறங்குவாங்க?" என்றான்.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? திறப்பு விழா முடியட்டும், இடிச்சிடலாம்" என்றேன்.

விழா முடிந்தது. எனக்குக் கம்பெனியில் இயக்குநர் பதவி வந்தது. சுவர் நின்றது. ஆறாம் மாதம் தீப்பிடித்தபோது, நான்கு பேர் அந்தச் சுவர்வரை இறங்கி வந்து அங்கேயே இறந்தார்கள்.

வரைபடத்தில் கையெழுத்து அவனுடையது. அவனைப் பிடித்துப் போனார்கள். மாமா சொல்லித்தான் செய்தேன் என்று அவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. நீ கேட்டபோது நானும் திறக்கவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பினாய்.

சுவர் எழுப்பச் சொல்லி நான் கையெழுத்திட்ட உத்தரவு என்னிடம் இருக்கிறது. நாளை காலை அதோடு காவல் நிலையம் போகிறேன். தம்பியை விடும்போது அழைத்துவர நீ போ.

பிள்ளைகளிடம் நடந்ததை நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவேன்.

அவர்களுடைய அப்பா