சின்னக் காருக்குப் பெரிய சக்கரம்

அம்மாவுக்கு, உன் மூத்தவன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, பதறாதே. எங்கள் டயர் கடைக்கு வந்த ஒருவர், தன் சின்னக் காருக்குப் பெரிய வீலும் அகலமான டயரும் கேட்டார். மாட்டிவிட்டு ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள்ளே உரசியது.

"இது சரிப்படாதுங்க" என்றேன்.

"கேட்டதைப் போட்டுக் குடு. உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் முதலாளி.

ஓட்டிப் பார்க்க நான்தான் போனேன். ஒரு வளைவில் டயர் பிரேக் குழாயை அறுத்துவிட்டது. மிதித்தேன், கால் ஆழமாக இறங்கியது, கார் நிற்கவில்லை. எதிரே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். கைபிரேக்கை இழுத்து, ஒரு சுவரில் உரசி நிறுத்தினேன். பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது சீக்கிரம் வைத்துவிடாதே, அம்மா. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் நீ பாத்திரம் கழுவுகிற சத்தமாவது கேட்கட்டும். என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு.

முதலாளி கூப்பிடுகிறார். வெளியே இன்னொரு சின்னக் கார் நிற்கிறது, அதன் பின்சீட்டில் நாலு பெரிய டயர். மாட்ட மாட்டேன் என்று சொல்லத்தான் போகிறேன். வேலையே போனாலும் போகட்டும். குரல் மட்டும் நடுங்காமல் இருக்க வேண்டும்.

உன் மகன்