ரோலா வீட்டுக்குப் புதுக்காற்று

அக். 12, ஞாயிறு

வெளியே இன்னும் புழுக்கம். நாளையிலிருந்து ஆபீசுக்கு லீவு சொல்லியாயிற்று. காலையிலேயே செல்வம் வந்துவிட்டார். பரமக்குடிக்காரர், ஏசி வேலை. வெளிக்காற்றை வடிகட்டி வீட்டுக்குள் அனுப்பும் மெஷின் மாட்டப் போகிறார். இந்த வளைகுடா ஊரில், ரோலா ஏரியாவில் பழைய பில்டிங். ஜன்னலைத் திறந்தால் மண், மூடினால் பூசணம்.

மகள் தாருவின் அலமாரியை நகர்த்தினோம். பின்சுவர் முழுக்கக் கறுப்பு.

"பாப்பா இந்த ரூம்லயா சார் படுத்துச்சு?"

தலையாட்டினேன். மூச்சுத்திணறல் அதிகமாகி அவளையும் மனைவி வித்யாவையும் திருச்சிக்கு அனுப்பியது ஜூனில். வீட்டைச் சரிபண்ணாமல் குழந்தையைக் கூட்டி வராதீர்கள் என்றார் இங்கிருக்கும் டாக்டர்.

வாங்க: பெயின்ட், முட்டை, தோசை மாவு (சின்ன பாக்கெட்).

அக். 13, திங்கள்

சுவரில் ஓட்டை. சிமென்ட் தூசி சாம்பார் வரைக்கும். சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். ஓனர் சம்மதித்த மெசேஜைக் காட்டினேன்.

"அச்சா பாய். ஜல்தி கலாஸ் கரோ." சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பாத்ரூம், கிச்சன் காற்று வெளியே போக ஒரு குழாய். படுக்கையறைகளுக்குப் புதுக்காற்று வர ஒன்று. மதியம் செல்வத்தோடு தரையில் உட்கார்ந்து பரோட்டா. இந்த வீட்டில் என்னோடு இன்னொருவர் சாப்பிட்டு எவ்வளவு காலம்! அவர் போனதும் டிவியைப் போட்டேன். பார்க்கவில்லை.

அக். 15, புதன்

மெஷின் ஓடுகிறது. பூசண வாடை சுத்தமாக இல்லை. ஆசையாக வித்யாவுக்கு வீடியோ கால். சீலிங், புதுப் பெயின்ட், எல்லாம் காட்டினேன்.

"நல்லாருக்குங்க." பிறகு, "தாருவ இங்கயே ஸ்கூல்ல சேத்துட்டேன்."

"அதான் எல்லாத்தையும் மாத்திட்டேனே வித்யா."

"தெரியுது. ஆனா அவ மூச்சுக்குத் தவிச்சத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாதுங்க. பயமா இருக்கு."

தாரு போனைப் பிடுங்கினாள். "டாடி, ஐ காட் எ ஸ்டார்!" நெற்றியில் ஒட்டியிருந்தாள். நன்றாக மூச்சு விடுகிறாள். கன்னம் கூட உப்பியிருக்கிறது.

கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. ராத்திரிக்குச் சமைக்கவில்லை.

அக். 16, வியாழன்

கடைசி வேலைக்குச் செல்வம் வந்தார். வீட்டில் இருக்கும் ஆட்களைப் பொறுத்துக் காற்றின் அளவை வைக்க வேண்டுமாம். ஏணி மேலிருந்து கேட்டார்.

"எத்தன பேருக்கு சார் வைக்கட்டும்?"

"மூணு பேருக்கு" என்றேன்.