நாற்பத்தொன்பதாம் நாள்

எடமலைப்பட்டி புதூர்,
13.11.2025

அன்புள்ள வேணிக்கு,

நான் நலம். நீயும் விஜயராணி அக்காவும் நலமா? போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஸ்பானர் பிடிக்கிற கை, எழுத்து கோணல்தான். சிரிக்காதே.

நீ கேட்டபடி வெக்காளியம்மன் முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சீட்டைத் தொடமாட்டேன். கவுச்சியும் கிடையாது. இன்று பன்னிரண்டாம் நாள். கிளப் வாசல் வழியாகத்தான் தினமும் வருகிறேன். இன்னாசிராஜ், "என்ன மச்சான், சாமியாராயிட்டியா?" என்று கூப்பிடுகிறான். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரசம் வைக்கத்தான் வரவில்லை.

உன்
வீரமலை

ஸ்ரீரங்கம்,
5.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "ஏன்டி, பரீட்சைக்கா படிக்கிறே?" என்று அக்கா கேலி செய்கிறாள். ரசத்துக்குப் புளியைக் கொஞ்சமாகக் கரைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். பதினான்கு வருஷத்தில் ஒரு நாளாவது அடுப்படியை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நானும் காலண்டரில் அடித்துக்கொண்டு வருகிறேன். இன்று முப்பத்து நான்கு. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? முடிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன். புடவைகளைப் பையில் அடுக்கியாயிற்று.

உங்கள்
வேணி

எடமலைப்பட்டி புதூர்,
21.12.2025

அன்புள்ள வேணிக்கு,

மண்டலம் முடிந்தது. நேற்று நாற்பத்தொன்பதாம் நாள். குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு நேராகக் கிளப்புக்குப் போனேன். கோபப்படாதே, முழுதும் படி.

நாற்பத்தெட்டு நாள் சீட்டே தொடாத கை. அத்தனை நாள் சேர்ந்த அதிர்ஷ்டத்தைச் சும்மா விடுவதா? முதல் இரண்டு ஆட்டம் எனக்குத்தான். அப்புறம் எல்லாம் போயிற்று. கடைசி ஆட்டத்தில் நான் ஜெயிக்க இஸ்பேட் ஒன்பது ஒன்றுதான் பாக்கி. அதை இன்னாசிராஜ் இழுத்துவிட்டான். ஒரே ஒரு சீட்டு, வேணி! அதைத் தோல்வி என்று சொல்ல முடியுமா?

யோசித்துப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் கேன்டீனில் மறந்துபோய் முட்டை பப்ஸ் தின்றுவிட்டேன். அதுதான் குறை. நாளையிலிருந்து இன்னொரு மண்டலம், இந்தத் தடவை சுத்தமாக. நான் விட்டுவிட்டேனா, ஆடிக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே புரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் தெளியும். வந்துவிடு.

உன்
வீரமலை

ஸ்ரீரங்கம்,
26.12.2025

மாமாவுக்கு,

வைகுண்ட ஏகாதசி உற்சவக் கூட்டம், தெருவில் நடக்க இடமில்லை. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். சீட்டை விடுவதற்குத்தானே விரதம் இருக்கச் சொன்னேன்? அந்த நாற்பத்தெட்டு நாளும் ஆட்டத்தில்தான் இருந்தீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படித்ததும் எனக்குக் கோபமே வரவில்லை. 'அடடா, அந்தப் பப்ஸைத் தின்னாமல் இருந்திருக்கலாமே, அடுத்த மண்டலத்தை ஒழுங்காக முடித்துவிடுவார்' என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் இப்படித்தான் நினைக்கிறேன். இத்தனை வருஷம் பொறுத்தாயிற்று, இப்போது போய் விடுவதா, இனிமேல்தானே விடியும் என்று. நீங்கள் கிளப்பில் உட்கார்ந்து நினைப்பதும் நான் வீட்டில் உட்கார்ந்து நினைப்பதும் ஒன்றுதானே மாமா?

என் ஆட்டத்திலிருந்து எழுந்துகொள்வது சரியா என்று தெரியவில்லை. உங்கள் மேல் ஆசை போய்விட்டது என்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எழுந்துவிட்டேன். இங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் நம்பிவிடுவேன்.

வேணி